நான்கு நாளில் நிறுத்திய ஹார்மோன் மாத்திரை: தொடரலாமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை அடுக்கிப் பார்க்கிறேன். வயது 49. தீட்டு நின்று 14 மாதம் ஆகிறது. கர்ப்பப்பை இருக்கிறது. இரவில் நான்கைந்து முறை குப்பென்று சூடு ஏறி, நைட்டி நனைந்து, எழுந்து ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டியிருக்கிறது. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. பி.பி.க்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள். டாக்டர் எஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடையால் வேலரேட் 1 மில்லிகிராம் மாத்திரையும், புரோஜெஸ்டிரோன் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூலும் எழுதினார். இரண்டையும் காலை டிபனுக்குப் பிறகு போட்டீர்கள், பகல் முழுக்கத் தலை கிறுகிறுத்தது. நான்காம் நாள் நாத்தனார் "அது கேன்சர் வரவைக்கும் மாத்திரை" என்றதும் நிறுத்திவிட்டீர்கள். பெரியம்மாவுக்கு 70 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது வேறு நினைவுக்கு வந்துவிட்டது. கேள்வியாக நீங்கள் வைத்தது "ஹார்மோன் சிகிச்சை பாதுகாப்பானதா?" என்பது. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: கிறுகிறுப்பு தருகிற கேப்ஸ்யூலை விட்டுவிட்டு முதல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளலாமா? பதிலை அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் நிஜமாகவே ஆபத்தான தவறு அதுதான்.

கூடாது. கர்ப்பப்பை உள்ளவர் எஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. வேர்வையையும் சூட்டையும் அடக்குவது எஸ்ட்ரோஜன். அதே எஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரை மாதக்கணக்கில் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'போதும், நிறுத்து' என்று சொல்வது புரோஜெஸ்டிரோன். அந்தத் தடை இல்லாமல் போனால் சுவர் தடித்து, சிலருக்கு அது புற்றாக மாறும். இது வெறும் யூகமில்லை. எஸ்ட்ரோஜனை மட்டும் தாராளமாகக் கொடுத்துவந்த அமெரிக்காவில் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடியதை 1975-லேயே கண்டுபிடித்தார்கள். பின்னர் 1996-ல் வெளியான 'பெப்பி' என்ற ஆய்வில், மூன்று ஆண்டு எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 62 பேருக்கு உள்சுவர் ஏதோ ஒரு விதத்தில் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் அது 2 பேர்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் எஸ்ட்ரோஜன் மட்டும் போதும். பக்கத்து வீட்டு அக்கா ஒரே மாத்திரைதான் போடுகிறார் என்றால் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் குறைக்கக் கூடாது.

கிறுகிறுப்புக்குக் காரணம் எளிது. விழுங்கிய புரோஜெஸ்டிரோன் கல்லீரலில் உடையும்போது உண்டாகும் ஒரு பொருள் மூளையில் ஏறக்குறைய தூக்க மாத்திரை வேலை செய்யும் இடத்திலேயே போய் உட்காருகிறது. வயிற்றில் உணவு இருந்தால் மருந்து இன்னும் அதிகமாக ரத்தத்தில் ஏறும். நீங்கள் இட்லிக்குப் பிறகு, காலையில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தலைகீழ். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, படுக்கைக்குப் போகிற நேரத்தில், கதவைப் பூட்டி விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். அப்போது அதே தூக்கக் கலக்கம் உங்களுக்குச் சாதகமாக மாறும். இரவில் விழித்து விழித்து எழும் பலர் நன்றாகத் தூங்கத் தொடங்குவது இந்தக் கேப்ஸ்யூலால்தான். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் முதல் சில நாட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். சில கம்பெனி கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் கலந்திருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். இரவில் போட்டும் ஒத்துவரவில்லை என்றால் அதே வேலையைச் செய்யும் டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரைக்கு மாறலாம், அல்லது லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள காப்பர்-டி மாதிரியான சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். 52 மில்லிகிராம் மருந்துள்ள அந்த வகை உள்சுவரை அங்கேயே காத்துக்கொள்ளும். ஆக, மாற்றிக்கொள்ள வழி உண்டு. விட்டுவிடுவதற்குத்தான் வழி இல்லை.

இனி நாத்தனார் சொன்னது. அவர் சொன்னதற்கு ஒரு மூலம் இருக்கிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள். கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராம், கூடவே செயற்கைப் புரோஜெஸ்டிரோனான மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 2.5 மில்லிகிராம். கணக்கு இப்படி வந்தது: 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கு, பக்கவாதம் கூடுதலாக 8 பேருக்கு, மாரடைப்பு முதலான இதயப் பிரச்சினை கூடுதலாக 7 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. செய்தித்தாள்களில் இது விழுக்காடாக, "26 சதவீதம் அதிகம்" என்று வந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது தலைப்புச் செய்தியில் இல்லை. தீட்டு நின்று பத்து, பதினைந்து ஆண்டு கழித்து, ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கக்கூடிய வயதில் தொடங்கியவர்களும் அதில் நிறையப் பேர். 18 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2017-ல் எழுதியபோது, ஹார்மோன் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் கர்ப்பப்பை இல்லாமல் எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறையவே செய்தது.

ஆக, மார்பகப் புற்றுநோய் அபாயம் பொய்யா? இல்லை. எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தால் அபாயம் கொஞ்சம் கூடும், ஆண்டு ஏற ஏறக் கூடும். அளவு எவ்வளவு என்பதுதான் விஷயம். பிரிட்டனில் பெண்களுக்குக் காட்டும் ஒரு கணக்கு உண்டு. 50 முதல் 59 வயதுக்குள் 1000 பெண்களை எடுத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் இயல்பாகவே 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். கூட்டு ஹார்மோன் எடுத்தால் இன்னும் 4 பேர் சேர்வார்கள். உடல் பருமன் இருந்தால் சேர்வது 24 பேர். நம் நாட்டில் அந்த 23 என்ற அடிப்படை எண்ணே குறைவு, ஆனால் ஒப்பீடு பொருந்தும். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. 32-க்கு மேல், அதாவது பருமன் கணக்கில், வருகிறது. சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: நாத்தனார் பயப்பட வேண்டியது மாத்திரையைவிட எடையைப் பார்த்து. பெரியம்மாவுக்கு 70 வயதில் வந்தது உங்களுக்குத் தடையாகாது. அம்மாவுக்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ 50 வயதுக்குள் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் மட்டும் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. எஸ்ட்ரோஜனை மாத்திரையாக எழுதியிருக்கிறார்கள். வாயால் விழுங்கும் எஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கிறது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு ஏறும் அபாயம் இதனால்தான். தோல் வழியாகப் போகும் எஸ்ட்ரோஜன் முதலில் ரத்தத்தில் கலப்பதால் கல்லீரலுக்கு அந்த முதல் வெள்ளம் இல்லை. பிரிட்டனில் 2019-ல் வெளியான பெரிய ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டு அபாயம் 58 சதவீதம் கூடியிருந்தது. தோலில் தடவுபவர்களுக்கும் பேட்ச் ஒட்டுபவர்களுக்கும் கூடவே இல்லை. எடை அதிகம் உள்ளவர், பி.பி. உள்ளவர், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியவர், ஒற்றைத் தலைவலிக்காரர் ஆகியோருக்கு முதல் தேர்வு தோல் வழிதான். பேட்ச் நம் ஊர் மருந்துக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சித்திரை, வைகாசி வேர்வையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஜெல் கிடைக்கும். மாத்திரையை விட்டு ஜெல்லுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் எடையைச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜெல்லைப் பயன்படுத்தும் முறையில்தான் பாதி வெற்றி. 0.06 சதவீத ஜெல்லில் 1.25 கிராம் எடுத்தால் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடையால் இருக்கும். பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள், பலருக்குப் பிறகு இரு மடங்கு தேவைப்படும். பம்பாக இருந்தால் ஓர் அழுத்து. டியூபாக இருந்தால் கூடவே தரும் அளவுப் பட்டையில் அளந்து எடுக்க வேண்டும். பற்பசை மாதிரி குத்துமதிப்பாகப் பிதுக்கினால் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஆகி, வேர்வை திரும்பி வரும். தினமும் ஒரே நேரம், குளித்து நன்றாகத் துவட்டிய பிறகு, மேல்கையிலோ தொடையின் உட்பக்கத்திலோ மெல்லிய படலமாகப் பரப்புங்கள். தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டியதில்லை. மார்பகத்தில் தடவவே கூடாது. ஐந்து நிமிடம் காயவிட்டு உடுத்துங்கள், ஒரு மணி நேரம் அந்த இடத்தை நனைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எண்ணெய்ப் பசை முழுக்கப் போன பிறகே தடவ வேண்டும். பாடி லோஷனும் அதே இடத்தில் வேண்டாம். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயாத தோலில் பேரக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால் மருந்து குழந்தைக்கும் போகும். இரவு கேப்ஸ்யூல் இதோடும் தொடர வேண்டும். ஜெல்லும் எஸ்ட்ரோஜன்தானே.

தொடங்குமுன் ஒரு சின்னத் துப்பறியும் வேலை. அம்லோடிபின் எப்போது ஆரம்பித்தீர்கள்? அந்த மாத்திரையே சிலருக்கு முகம் சிவந்து சூடு ஏறச் செய்யும். வேர்வை தொடங்கிய மாதமும் பி.பி. மாத்திரை தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால் அதை மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஆகவே டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். மாலையில் காய்ச்சல், எடை இறக்கம், நாள்பட்ட இருமல் ஆகியவற்றோடு இரவு வேர்வை இருந்தால் நம் நாட்டில் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். இதெல்லாம் இல்லை என்றால் பி.பி., சர்க்கரை, கொழுப்பு, மேமோகிராம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, ஓர் அடிவயிற்று ஸ்கேன் போதும். தீட்டு நிற்கும் கட்டமா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். 45 வயதுக்கு மேல், தீட்டு நின்று ஓராண்டு கடந்தவருக்கு அது புதிதாக எதையும் சொல்லாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ரத்தக்கட்டு உள்ளவர், கல்லீரல் நோய் முற்றியிருப்பவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் ஆகியோர் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. உங்கள் பி.பி. 160/100-க்கு மேல் இருந்தால் அதை அடக்கிவிட்டுத்தான் ஹார்மோன். இன்னொன்று, இது கர்ப்பத்தடை மாத்திரை அல்ல. 50 வயதுக்குள் தீட்டு நின்றவர்கள் இரண்டு ஆண்டு வரை கவனமாக இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

என்ன எதிர்பார்க்கலாம்? மூளையில் உடம்புச் சூட்டைக் கண்காணிக்கும் பகுதி எஸ்ட்ரோஜன் இறங்கியதும் பதற்றக்காரியாகிவிடுகிறது. சாதாரணமாகக் கண்டுகொள்ளாத சிறு சூட்டுக்கே வேர்வையைத் திறந்துவிடும். அடுப்படியில் தோசை வார்க்கும்போது, ஒரு டம்ளர் சூடான காபிக்குப் பிறகு, போர்வை போர்த்தியதும் வருவது இதனால்தான். மருந்து தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துபவர்கள் நிறையப் பேர். சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சூடு ஏறும் தடவைகள், போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், நான்கில் மூன்று பங்கு குறைந்தன. வேடிக்கை என்னவென்றால் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் "எனக்குக் கேட்டது" என்று சொல்ல நான்கு பேர் கிடைப்பதன் ரகசியம் இது. முதல் மாதங்களில் மார்பு கனப்பதும் லேசான துளி உதிரமும் சகஜம். ஆறு மாதம் தாண்டியும் உதிரம் தொடர்ந்தால், அல்லது சுத்தமாக நின்றபின் மறுபடி வந்தால், ஸ்கேனும் தேவைப்பட்டால் உள்சுவர்த் துணுக்குப் பரிசோதனையும் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. அவ்வளவு உறுதி இல்லாதவை சில. இயற்கைப் புரோஜெஸ்டிரோன், செயற்கையைவிட மார்பகத்துக்குப் பாதுகாப்பானது என்று பிரான்சில் பல்லாயிரம் பெண்களைக் கவனித்த ஆய்வு காட்டுகிறது. நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பெரிய சோதனை அதை இன்னும் நிரூபிக்கவில்லை. 60 வயதுக்குள், தீட்டு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்பது ஏறக்குறைய தீர்ந்த விஷயம். இதயத்துக்கு நன்மை என்பது தீராத வழக்கு. மறதி நோயைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். எலும்புக்கு நல்லது என்பது உறுதி, எடுக்கும் வரைதான் என்பதும் உறுதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் இந்த மருந்துகளின் விவரத் தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. நீக்காமல் வைத்தது ஒன்றை: கர்ப்பப்பை உள்ளவர் எஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பது பற்றியது.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா ஆகியவற்றைக் கேட்டிருந்தீர்கள். சோயாவால் சிலருக்குச் சிறு பலன் உண்டு, ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பெரிய அளவில் செய்த நம்பகமான சோதனை இல்லை. 'காட்டு வள்ளிக்கிழங்கு கிரீம், இயற்கை ஹார்மோன்' என்று இணையத்தில் வருவதில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோ வள்ளிக்கிழங்கிலிருந்துதான் புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். அது நடந்தது ஆய்வுக்கூடத்தில். நம் உடம்புக்கு அந்த ரசவாதம் தெரியாது, கிழங்கைத் தின்றாலும் தடவினாலும் கிழங்குதான். ஹார்மோனே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் நியாயமான முடிவே. வென்லாஃபாக்சின் 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75 வரை, அல்லது இரவில் கேபாபென்டின் 300 மில்லிகிராம், சூட்டையும் விழிப்பையும் ஓரளவு குறைக்கும். இரண்டும் டாக்டர் சீட்டு வேண்டியவை. வென்லாஃபாக்சின் பி.பி.யை ஏற்றலாம் என்பதால் உங்களுக்கு இரண்டாவதே மேல். எடை ஐந்தாறு கிலோ இறங்கினாலும் சூடு குறையும். சிறுநீர் எரிச்சல், உறவின்போது வலி மட்டும் தொந்தரவாக இருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவையே இல்லை. எஸ்ட்ரையால் என்ற எஸ்ட்ரோஜன் கிரீமைப் பிறப்புறுப்பின் உள்ளே இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை வைத்தால் போதும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் அதற்குப் புரோஜெஸ்டிரோன் துணை வேண்டியதில்லை.

எத்தனை ஆண்டு என்பதற்கு நிலையான எண் இல்லை. அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில் இந்தச் சூடும் வேர்வையும் நீடித்தது நடுத்தரக் கணக்கில் 7.4 ஆண்டு. மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்து, பி.பி. அளந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதே முறை. நிறுத்தும்போது மெல்லக் குறைத்தாலும் ஒரேயடியாக விட்டாலும் கடைசியில் ஒன்றுதான். பாதிப் பேருக்குக் கொஞ்சம் திரும்பி வரும்.

இப்போது உங்களிடம் மீதமிருக்கும் அட்டைகளை நீங்களாகத் தொடங்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். டாக்டரிடம் போகும்போது பி.பி. குறித்த சீட்டோடு கையில் கொண்டுபோங்கள். நான்கு நாள் போட்டு நிறுத்தியதால் இந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு துளி உதிரம் படலாம். பட்டால் எந்தத் தேதி என்று காலண்டரில் எழுதி வைத்து, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.